பிஷப் என்றொரு வினைச்சொல்

சென்ற மாதம் எங்கள் கால்நடைத் துறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பழைய பதிவேட்டின் ஒரு பக்கம். அந்தியூர் குதிரைச் சந்தையில் நாங்கள் போடும் பரிசோதனை முகாமின் ஏடு அது. நிறம், உயரம், வயது, நோய் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மையில் தலைப்பு: ‘பிஷப்’. அதற்குக் கீழே பக்கம் முழுக்க இல்லை, இல்லை, இல்லை என்று இறங்கிப் போகிறது. படத்தைப் போட்டவர் புதிதாகப் பணியில் சேர்ந்த டாக்டர் திவ்யா. சந்தைக்கு வருடாவருடம் பிஷப்பை அழைத்தீர்களா, ஒரு தடவைகூட அவர் வரவில்லையா என்று கேட்டிருந்தார். நான் பார்ப்பதற்குள் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஆமாம், அழைப்பிதழைத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததாக எழுதிவிட்டார். ஓய்வு பெற்றதும் எங்கள் ஆட்களுக்கு வருகிற முதல் வியாதி இதுதான். நடக்காததெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

அந்தக் கையெழுத்து என்னுடையது. என் பெயர் ஸ்டெல்லா. முப்பத்து மூன்று வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்துவிட்டு, இப்போது சிங்காநல்லூரில் மகன் வீட்டு மாடியில் நாலு தொட்டி ரோஜாவை மிரட்டிக்கொண்டிருக்கிறேன். குழுவில் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. முடிகிற விஷயமும் இல்லை. அதில் ஒரு வார்த்தை இருக்கிறது, ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், நான் செய்த ஒரு திருட்டு வேலையும் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் அணியில் பெண்கள் இரண்டே பேர். முதல் நாளே ஒரு எருமை என் காலை மிதித்தது. என் அப்பா ஊர்த் தோட்டங்களில் பண்ணையத்துக்குப் போனவர். அவர் மாடு ஓட்டிய அதே தோட்டங்களுக்கு நான் ஊசிப்பெட்டியோடு போனேன். முதல் வருடம் “ஆம்பள ஆரும் வரலீங்களா” என்று கேட்டார்கள். மூன்றாம் வருடம் “ஸ்டெல்லாம்மா வந்தாத்தான் மாடு நிக்குதுங்க” என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு டாக்டர் நாச்சிமுத்துவிடம்தான் கிடைத்தது. கோபிப் பக்கம் தோட்டந்துரவு உள்ள குடும்பம் அவருடையது. அவர் எங்கள் பக்கத்து மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மருந்துப் புட்டியை உடைத்தவனிடம்கூட, “நீங்க கொஞ்சம் பாத்து வெச்சிருக்கலாமுங்க” என்பார். அந்த ‘ங்க’வைக் கேட்டவன் ஒரு வாரம் சோறு தின்னமாட்டான். மனிதருக்கு மட்டுமில்லை, மாட்டுக்கும் குதிரைக்கும் அதே மரியாதைதான். “ஏனுங்க, வாயக் கொஞ்சம் தொறங்க கண்ணு” என்று குதிரையிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். அதுவும் திறக்கும். எங்களுக்குத்தான் உதைக்கும்.

அவர் குதிரையின் வயதைப் பார்க்கிற முறையை நான் இன்னும் கண்ணை மூடினால் பார்க்கலாம். முதலில் கையைக் கழுவுவார். குதிரைக்கு நேர் எதிரே நிற்கமாட்டார், இடது தோள் ஓரமாக நிற்பார். இடது கை மூக்கின் மேல். வலது கைக் கட்டைவிரல், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் நுழையும். நாக்கை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து ஐந்து எண்ணுகிற நேரம் பார்ப்பார். விட்டுவிட்டு, “நெம்ப சந்தோசமுங்க” என்று குதிரைக்கு நன்றி சொல்வார். உடனே வயதைச் சொல்லமாட்டார். நாங்களும் ஒவ்வொருவராக வாயைப் பார்த்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் வயதை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தர் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தர் சொல்லக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எல்லாச் சீட்டையும் வாங்கிய பிறகுதான் வாயைத் திறப்பார். ஒரு தடவை நான் பன்னிரண்டு என்று எழுதியதற்கு, “குதிரைக்குங்களா, உங்க பையனுக்குங்களா அம்மணி?” என்று கேட்டார்.

டாக்டருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஆங்கில வார்த்தை சேர்ப்பார். எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அவருக்கு வேண்டாம். குதிரை சம்பந்தமாக இங்கிலாந்துக்காரனே மறந்துபோன வார்த்தைகளாக இருக்க வேண்டும். ஊட்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடியான குதிரை நூல் ஒன்று வைத்திருந்தார். அட்டை போய், முதுகுக்கு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அந்தியூர் முகாமுக்கு நாங்கள் சேர்ந்து போன முதல் வருடம், அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து தயங்கி நின்றார். ஒரு வார்த்தை இருக்கிறது, ஆனால் சர்ச்சுக்குப் போகிற உங்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து, பரவாயில்லை சார், வேண்டாம் என்றேன். மூன்று நாள் அந்த வார்த்தையை ‘அந்த வேலை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பக்கத்தைத் திறந்து, வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கட்டியிருந்த மட்டக்குதிரை கயிற்றை இழுத்தது.

வார்த்தை ‘பிஷப்’. அங்கே அது வினைச்சொல். குதிரையின் கீழ்த்தாடை முன்பற்கள் ஆறிலும் இளமையில் கறுப்பாகச் சின்னக் குழி இருக்கும். வயது ஏற ஏறப் பல் தேய்ந்து, முதலில் நடுப்பல் இரண்டில் குழி மறையும், பிறகு அடுத்தவை, பிறகு ஓரத்துப் பற்கள். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் குழி இருக்காது. குழி இருந்தால் இளசு, இல்லாவிட்டால் கிழடு. இதைத் தெரிந்துகொண்ட ஒரு வியாபாரி, கிழட்டுக் குதிரையின் பல்லில் உளியால் புதிதாகக் குழி தோண்டி, காய்ச்சிய கம்பியால் சுட்டுக் கறுப்பாக்கி, இளங்குதிரை என்று விற்றானாம். அவன் பெயர் பிஷப் என்கிறது புத்தகம். அவனைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஊர் தெரியாது, ஆள் எப்படியிருப்பான் என்று தெரியாது, பெயர் மட்டும் அவன் செய்த வேலைக்கு ஒட்டிக்கொண்டது. அவனுக்குப் பிறகு யார் அந்த மோசடியைச் செய்தாலும், குதிரையை ‘பிஷப் செய்தான்’ என்று எழுதினார்கள். நிஜமான பிஷப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் என்னிடம் நாலு தடவை சொன்னார். ஆனால் பால் அடிப்பிடித்தால் அதில் பிஷப் கால் வைத்துவிட்டார் என்று சொல்லும் பழக்கமும் அந்த நாட்டில் ஒரு காலத்தில் இருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு ஐந்தாம் தடவையும் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிஷப் கையால் திடப்படுத்தல் வாங்கிச் சபையில் சேர்ந்தவள். கோபிப்பாள் என்று பார்த்தால், அவளுக்கு அந்த வியாபாரி மேல்தான் இரக்கம் வந்தது. “அவனப் பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்குமுன்னு நெனச்சுப் பாரு. ஆச ஆசயாப் பேரு வெச்சிருப்பா, அது போயித் திருட்டுக்குப் பேரா நின்னுபோச்சே” என்றாள். எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வருடமே டாக்டர் சொல்லி, பதிவேட்டில் நான் ஒரு கட்டம் கூட்டினேன். நான்தான் சிவப்பு மையில் தலைப்பு எழுதினேன். பிஷப் செய்த குதிரை ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. வார்த்தையைப் பார்த்தாயிற்று, பொருளைப் பார்க்க வேண்டாமா என்பார். தென்னாட்டிலேயே இவ்வளவு குதிரை கூடுகிற சந்தை, இங்கே கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது எங்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. நம் ஊர்க்காரர்கள் பல்லைப் பார்ப்பதில்லை, சுழியைப் பார்ப்பார்கள். நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது, கழுத்தில் ஒற்றையா இரட்டையா, விலாவில் ஏதாவது வேண்டாத சுழி இருக்கிறதா என்று மயிரைத் தடவித் தடவி அரை நாள் பார்ப்பார்கள். வாயை ஒப்புக்குத் திறந்து மூடுவார்கள். எனவே நம் ஊர்த் திருட்டெல்லாம் மயிரில்தான் நடந்தது. ஒரு தரகர் காளையின் முதுகில் பூரான் வடிவில் இருந்த, ஆகாத இறங்குபூரான் சுழியைச் சூடான இரும்புச் சீப்பால் வாரி, விளக்கெண்ணெய் தடவி, ராசியான ஏறுபூரானாக மாற்றியதை நானே பார்த்தேன். காலையில் ஏறிய பூரான் மதிய வெயிலில் எண்ணெய் காய்ந்ததும் இறங்கிவிட்டது. மாடு கன்று போடுகிற ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பில் ஒரு வளையம் விழும். அதை அரம் போட்டு ராவி, ஆறு ஈத்து மாட்டை இரண்டு ஈத்தாக்குகிற ஆட்களும் இருந்தார்கள். இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் வார்த்தை உண்டா என்று கேட்டேன். டாக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

“அவங்ககிட்ட வார்த்தை இருக்குது, நம்மகிட்டத் திருட்டு இருக்குது. ரெண்டும் ஒண்ணாச் சேரமாட்டீங்குதே அம்மணி” என்றார்.

ஒரு வருடம் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து வந்த ஒரு கிழட்டு ஆண் குதிரையின் பல்லெல்லாம் கறுப்பு. டாக்டர் கட்டைவிரலால் தேய்த்தார், கறுப்பு விரலோடு வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு சோர்ந்துபோய், “கருப்பட்டிங்க” என்றார். உடையவர் குதிரைக்குச் செல்லமாகக் கருப்பட்டி ஊட்டியிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் நான் இல்லை என்று எழுதும்வரை டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

இப்படியே வருடங்கள் ஓடின. இனி சொல்லப் போகிறதுதான் என் திருட்டு வேலை.

டாக்டர் ஓய்வு பெற இன்னும் பதினைந்து நாள். அந்த ஆடி மாதச் சந்தைதான் அவருக்குக் கடைசிச் சந்தை. முதல் நாள் மதியம் பதிவேட்டின் பழைய பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிக் கட்டத்தையே மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். “செரி, உடுங்க. எல்லாமும் எல்லாத்துக்கும் கெடைக்குமுங்களா?” என்று ஏட்டை மூடி வைத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்த மனிதருக்கு ஒரே ஒரு பிஷப் குதிரையைக் காட்டித்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது. இல்லாவிட்டால் என்ன, செய்துவிட்டால் போகிறது.

சந்தையில் மாரப்பன் என்று ஒருவர் இருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோக்கள் வந்த பிறகு ஊர் ஊராகத் திருவிழாக்களில் குழந்தைகளைக் குதிரை மேல் வைத்துச் சுற்றிக் காட்டிப் பிழைத்தார். அந்தியூர்ச் சந்தை நாட்கள்தான் அவருக்குப் பெரிய வரும்படி. அவருடைய குதிரை ராணிக்குப் பதினெட்டு வயது. அதற்கு ஒரு தடவை வயிற்று வலி வந்தபோது இரண்டு நாள் கூடவே இருந்து பிழைக்க வைத்தேன். அதிலிருந்து நான் சொன்னால் மாரப்பன் தட்டமாட்டார். விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பார்ப்பார், துள்ளுவார், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு ஒரு டீயைக் கையில் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவோம். ராணி விற்பனைக்கு இல்லை, ஆகவே யாருக்கும் நட்டம் இல்லை. மாரப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ராணிக்கு வலிக்குமுங்களா?”

வலிக்காது என்றேன்.

“அப்பச் செய்யுங்க அம்மணி.”

உளி, கம்பி எல்லாம் பாவம். எங்கள் மருந்துப் பெட்டியில் காஸ்டிக் பென்சில் இருக்கும். புண்ணில் வளரும் அதிகச் சதையைத் தொட்டுக் கருக்குகிற மருந்து. மறுநாள் காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால் ராணியின் முன்பல்லைப் பஞ்சால் துடைத்து ஈரம் போக்கி, பென்சிலால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் தொட்டேன். கறுக்கவில்லை. பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் தொட்டேன். அப்போதும் கறுக்கவில்லை. ஆறு பல்லிலும் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டேன். அந்த மருந்து வெளிச்சம் பட்டால்தான் கறுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் அவசரத்தில் ஞாபகத்துக்கு வந்தால்தானே. ராணியை வெயிலில் நிறுத்தி வாயைப் பிளந்து பார்த்தபோது ஆறு பல்லும் அட்டக் கறுப்பு. முகாமுக்கு நடந்து வருகிற வழியில் பார்த்தால், என் வலது கை விரல் மூன்றும் கறுத்துக்கொண்டு வந்தன. சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், புளி போட்டேன். போகவில்லை.

சரி, இதுவரைக்கும் விளையாட்டு. பத்து மணிக்கு வினை வந்தது. கோயமுத்தூரில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிற ஒருவர், பூட்ஸ் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார். இத்தனை வருடம் பல்லைப் பார்க்கிற ஒரு ஆள் இந்தச் சந்தைக்கு வரமாட்டாரா என்று டாக்டர் ஏங்கினாரே, அந்த ஆள் அன்றைக்குப் பார்த்து வந்து சேர்ந்தார். நேராக ராணியிடம் போய் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஐந்து வயது என்றார். மாரப்பன் பதறிப்போய், பதினெட்டுங்க, விற்பதற்கில்லைங்க என்று உண்மையைத்தான் சொன்னார். பூட்ஸ்காரர் நம்பவில்லை. இந்த ஆளுக்குத் தன் குதிரையின் வயதே தெரியவில்லை என்று கூட வந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். டாக்டரிடம் வயதுச் சீட்டு வாங்கிவிட்டு விலை பேசலாம் என்று ராணியை அவரே கயிற்றைப் பிடித்து முகாமுக்கு நடத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாரப்பன். அவருக்குப் பின்னால் சந்தைக் கமிட்டிக்காரர் ஒருவர்.

அந்தக் கமிட்டிக்காரர் கண்டிப்புக்குப் பேர் போனவர். முந்தின வருடம் குதிரைக்குச் சாயம் அடித்த ஒருவனைப் பிடித்து, பெயரையும் ஊரையும் சாயங்காலம் முழுக்க மைக்கில் சொல்லச் சொல்லிச் சந்தையை விட்டே அனுப்பினார். அந்த ஆள் அப்புறம் எந்த ஊர்த் திருவிழாவிலும் தலைகாட்டவில்லை. இன்றைக்கு மாரப்பன் பெயர் மைக்கில் வரும். பிழைப்பு போய்விடும். செய்தது நான்தான் என்று சொன்னால், அரசாங்க மருந்தை எடுத்து, பரிசோதனைக்கு வந்த குதிரையின் பல்லில் தடவிய ஆய்வாளர் என்று என் வேலை போய்விடும். பையன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வர வேண்டாம்.

டாக்டர் வழக்கம்போல் கையைக் கழுவினார். “வாங்க ராணி” என்றார். எங்களுக்குச் சீட்டுக் கொடுத்தார். பதற்றத்தில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்: ராணியின் வாயை யாரும் திறப்பதற்கு முன்பே, சீட்டில் பதினெட்டு என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டேன். டாக்டர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஐந்து எண்ணுகிற நேரம் போயிற்று. பத்து எண்ணுகிற நேரமும் போயிற்று. மூடினார். மறுபடியும் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு தலையைத் தூக்கி மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன்.

“விரல்ல என்னங்க அம்மணி?”

“வாழப்பூ ஆஞ்சனுங்க சார்.”

“ம்” என்றார்.

பிறகு பூட்ஸ்காரர் பக்கம் திரும்பி, பதினெட்டு என்றார். அவர் சண்டைக்கு வந்தார். டாக்டர் பொறுமையாக ராணியின் மேல் உதட்டைத் தூக்கி, ஓரத்துப் பல்லில் மேலிருந்து இறங்குகிற கோட்டைக் காட்டினார். பத்து வயதில் தொடங்கி இருபதில் அடிவரை வந்துசேரும் கோடு, இது கிட்டத்தட்ட அடிக்கு வந்துவிட்டது என்றார். இளம்பல் அகலமாக இருக்கும், இது முக்கோணம் என்றார். அப்படியானால் அந்தக் கறுப்பு என்ன என்று பூட்ஸ்காரர் கேட்டார். கறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் கமிட்டிக்காரர் முன்னால் வந்து, பல்லில் ஏதாவது பண்ணியிருக்கிறானா என்று மாரப்பனின் தோளைப் பிடித்தார்.

டாக்டர் தன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, “அது எங்க பெட்டி மருந்துங்க. எங்க ஆளுக வெச்சதுதான். வெயில் பட்டாக் கறுத்துப் போயிருமுங்க” என்றார்.

கமிட்டிக்காரரின் கை தோளிலிருந்து இறங்கியது. பூட்ஸ்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் ராணிக்கு நன்றி சொன்னார். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “இல்லைன்னே எழுதுங்க” என்றார். நான் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆயுசு முழுக்கத் தேடியது கைக்கு வந்தபோது, செய்தது மாரப்பன் என்று நினைத்து, அந்த ஏழை மனிதனின் மானத்துக்காக அதை வேண்டாம் என்று விட்டுவிட்டாரே. பொய்யே சொல்லாத மனிதரை என் விளையாட்டுப் பொய் சொல்ல வைத்துவிட்டதே. போய் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அவர் செய்த பெரிய காரியம் வெறும் கேலிக்கூத்தாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான் காரணம். மீதிப் பாதி பயம்.

பன்னிரண்டு வருடம் சொல்லாமலே இருந்தேன். திவ்யாவின் படம் வந்த பிறகு இனியும் தாளாது என்று கோபிக்குப் பஸ் ஏறினேன். டாக்டருக்கு இப்போது எழுபது. ஆள் அதே ஆள்தான், பூனையிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார். அவர் மனைவி காப்பி கொடுத்தார். நான் தொண்டையைச் செருமி, சார், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் முந்திக்கொண்டார். தானும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அந்தியூரில் கடைசி வருடம் ஒரு குதிரையின் பல்லில் யாரோ கைவைத்திருந்தார்கள், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஆனா செஞ்சவங்களுக்கு வெவரம் பத்தாதுங்க அம்மணி” என்று தொடர்ந்தார். “ஆறு பல்லுலயும் வெச்சிருந்தாங்க. நடுப்பல்லு ரெண்டையும் உட்டுப்போட்டு மத்ததுல மட்டும் லேசா வெச்சிருந்தா ஆறு வயசுன்னு சொன்னா ஆரும் நம்புவாங்க. இது தார் ரோடு போட்டாப்பல இருந்துச்சுங்க.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “வெச்ச ஒடனே கறுக்குலீங்களே சார், பத்துலியாட்ட இருக்குதுன்னு…” என்று பாதி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன்.

டாக்டர் என்னை நிதானமாகப் பார்த்தார். “வாழப்பூக் கறை போக எத்தன நாளாச்சுங்க?”

“பதினஞ்சு நாளுங்க சார்.”

அவர் மனைவி எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த அம்மாவுக்கும் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அப்படியானால் அன்றைக்கு எனக்காகவா பொய் சொன்னீர்கள் சார் என்று கேட்டேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. “நான் எங்கீங்க பொய் சொன்னேன்? எங்க பெட்டி மருந்து, எங்க ஆளுக வெச்சதுன்னுதானுங்க சொன்னேன்” என்றார். பதிவேட்டில் இல்லை என்று எழுதச் சொன்னதும் பொய் இல்லையாம். வாங்க வருகிறவனை ஏமாற்றி விற்பதற்காகச் செய்தால்தான் அந்த வார்த்தை பொருந்தும். விற்கிற எண்ணமே இல்லாமல், ஒரு கிழவனைச் சந்தோஷப்படுத்தச் செய்ததை அப்படிச் சொல்லக் கூடாது, புத்தகம் ஒத்துக்கொள்ளாது என்றார்.

உள்ளே போய் அந்தப் பிளாஸ்திரி போட்ட புத்தகத்தை எடுத்து வந்தார். அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. என் கையெழுத்தில் பதினெட்டு. வாயைத் திறப்பதற்கு முன்பே வயதை எழுதிக் கொடுத்த ஒரே ஆய்வாளர் நீங்கள்தான் என்றார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பொடியான எழுத்தில் ஏதோ இருந்தது. தேதி, அந்தச் சந்தை நாளின் தேதி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

‘ஸ்டெல்லா: வினைச்சொல். விற்பதற்கில்லாத குதிரையின் பல்லை, ஓய்வு பெறப் போகிறவரின் மகிழ்ச்சிக்காகக் கறுப்பாக்குதல். அந்தியூர் வட்டார வழக்கு. ஒரு முறை மட்டும்.’

அந்த வியாபாரியைப் பெற்றவளுக்காக இரங்கிய என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. டாக்டரிடம் பென்சில் கேட்டேன். கொடுக்கும்போது என் விரலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். கடைசி வரியில், ‘ஒரு முறை மட்டும்’ என்பதற்கு முன்னால் ‘இதுவரை’ என்று சேர்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.